மாத்திரை தவறினால் மங்கையா குற்றவாளி?

ஆனித் திங்கள், முழுநிலவு நாள். காரைக்கால் வீதிகளிலே மக்கள் வெள்ளம். பிச்சாண்டவர் பவனி வருகிறார். மாடிகளிலிருந்தும் வாயில்களிலிருந்தும் மாங்கனிகள் பறக்கின்றன! கூடை கூடையாக வீசுகிறார்கள். கீழே ஆயிரம் கைகள் நீள்கின்றன, முந்தானைகள் விரிகின்றன. கனியைப் பிடித்து உண்டால் வயிற்றிலே கரு தங்கும் என்ற நம்பிக்கையோடு, பிள்ளையில்லாப் பெண்கள் அந்த நெரிசலிலே மூச்சுத் திணற நிற்கிறார்கள்.

அந்தப் பெண்களை நாம் ஏசப் போவதில்லை. 'மலடி' என்ற ஒரு சொல்லால் அவர்களை நாள்தோறும் குத்துகிறது சமுதாயம். குத்துப் பொறுக்க மாட்டாமல் கனிக்குக் கையேந்துகிறார்கள். ஏசப்பட வேண்டியது குத்துகிற கை; ஏந்துகிற கையல்ல.

நாம் கேட்பது வேறு கேள்வி. பிள்ளை வேண்டும் என்பவளுக்கு ஊரிலே விழா இருக்கிறது, வீதியுலா இருக்கிறது, வானத்திலிருந்து கனி விழுகிறது. 'போதும்' என்பவளுக்கு என்ன இருக்கிறது? பெற்ற இரண்டையும் வளர்க்கவே உடம்பு ஓடாய்த் தேய்கிறது, மூன்றாவது வேண்டாம் என்று முடிவு செய்து, நாள் தவறாமல் மாத்திரை விழுங்கி, அப்படியும் கருவுற்றுவிட்ட ஒரு பெண்ணுக்கு இந்த ஊரின் எந்த வீதியிலே இடம்?

விழா எந்தக் கதைக்காக நடக்கிறதோ, அந்தக் கதையையே எடுத்துக் கொள்வோம். காரைக்கால் வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாங்கனி அனுப்புகிறான். மனைவி புனிதவதி, பசியோடு வந்த அடியார் ஒருவருக்கு ஒரு கனியைக் கொடுத்துவிடுகிறாள். கணவன் உண்ண அமர்கிறான். ஒரு கனி இலையிலே விழுகிறது. "இன்னொன்று எங்கே?" என்கிறான். 'பசித்தவருக்குக் கொடுத்தேன்' என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை! இறைவனை வேண்டி, இல்லாத கனியை வரவழைத்து வைக்கிறாள். அவனோ சுவை கூடுதலாக இருக்கிறதே என்று அதற்கும் கணக்குக் கேட்கிறான். உண்மை தெரிந்ததும் அஞ்சுகிறான், கப்பலேறிப் போகிறான், பாண்டிநாட்டிலே வேறொருத்தியை மணக்கிறான். அவளோ, 'இந்த அழகு உடம்பு இனி யாருக்கு?' என்று பேயுரு கேட்டுப் பெறுகிறாள்.

பக்தர்கள் இதிலே அருளைப் பார்க்கட்டும். நாம் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு மாங்கனிக்குக்கூட மனைவி கணக்குச் சொல்ல வேண்டும். கணக்குக் கேட்ட கணவனை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மாங்கனிக்கு அன்று கணக்குக் கேட்ட அதே பழக்கம், இன்று இருபத்தெட்டு மாத்திரைக்குக் கணக்குக் கேட்கிறது!

★

இது கற்பனைக் குற்றச்சாட்டல்ல. கண்ணால் கண்டதைச் சொல்கிறோம்.

பள்ளியிலே பாடம் சொல்லும் தொழில் நமது. நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், மீன் கூடை சுமந்து விற்பவர், ஒரு மாலை பள்ளி விட்டபின் வந்து நின்றார். மகளின் மதிப்பெண் பற்றிக் கேட்க வந்தார் என்று எண்ணினோம். கதவைச் சாத்திவிட்டு முந்தானையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், நான் ஒரு நாள்கூட விடல. சாமி சத்தியமா விடல. நீங்க படிச்சவங்க, எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தோம். ஒன்றும் தவறவில்லை. ஆனாலும் வயிற்றிலே பன்னிரண்டு வாரக் கரு.

அந்தப் பன்னிரண்டு வாரத்திலே அவர் பெற்ற தீர்ப்புகள் மூன்று. மாமியார் சொன்னார்: "கடவுள் கொடுத்ததைத் தடுக்கப் பார்த்தே, கொடுத்துட்டான் பாரு." பக்கத்து வீட்டார் சொன்னார்கள்: "ராசிக்கு ஏழரைச் சனி, திருநள்ளாறு போய் நளதீர்த்தத்திலே முழுகிட்டு வா." கணவன் சொன்னது கொடியது. "மாத்திரை போட்டும் எப்படி வந்தது?" அந்த எப்படியிலே ஒரு நச்சுப் பல் ஒளிந்திருந்தது. கேட்டவன் கெட்டவனல்லன். பின்னொரு நாள் நம்மிடமே வந்து தலை குனிந்து நின்றான். "நான் சந்தேகப்படல டீச்சர். ஊரு கேக்குது" என்றான். ஊர் கேட்கிறதாம்! மாத்திரை அட்டையைக்கூடக் கண்ணால் பார்த்திராத ஊர்!

விதி ஒன்று, சனி ஒன்று, கற்பு ஒன்று. மூன்று நீதிமன்றங்கள், மூன்றிலும் குற்றக் கூண்டிலே நின்றவள் ஒருத்தியே. மருந்தை யாரும் கூண்டிலே ஏற்றவில்லை. மருந்து கொடுத்தவர்களையும் ஏற்றவில்லை.

நாம் கேட்டோம்: "அக்கா, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?"

"காசநோய்க்குத் தினமும் மாத்திரை போடுறேன். மூணு மாசத்துக்கு மேல ஆச்சு."

விடை அங்கே இருந்தது. சனி கிரகத்திலே இல்லை. ரிஃபாம்பிசின் என்ற மருந்திலே இருந்தது.

★

தோழர்களே, இதைக் கொஞ்சம் பொறுமையோடு படியுங்கள். பகுத்தறிவு பேசுகிறோம் நாம். இந்தப் பாடம் தெரியாமல் பேசினால் அது வெறும் வாய்வீச்சு.

அரசு நலநிலையங்களிலே இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையிலே 28 மாத்திரைகள். அவற்றிலே 21 மட்டுமே கருத்தடை மருந்து. மற்ற 7 இரும்புச் சத்து. அந்த 21 மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இருவகை இயக்குநீர்கள் சிறு அளவிலே உண்டு. அவை கருமுட்டை வெளிப்படாமல் தடுக்கின்றன. கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிக்கச் செய்து விந்தணுவின் வழியை அடைக்கின்றன. இதுதான் அதன் வேலை. மந்திரமில்லை, மாயமில்லை. மந்திரமில்லாததால், தவறுவதற்கும் காரணம் உண்டு, கணக்கும் உண்டு.

ஒரு நாளும் விடாமல், முறை பிசகாமல் உண்ணும் ஆயிரம் பெண்களை எடுத்துக் கொண்டால், ஓராண்டிலே சுமார் 3 பேர் கருவுறுவர். மறதியும் காய்ச்சலும் வேலைச் சுமையும் உள்ள உண்மை உலகத்திலே உண்ணும் ஆயிரம் பெண்களை எடுத்துக் கொண்டால், சுமார் 70 பேர். உலகெங்கும் மருத்துவ நூல்கள் எடுத்துக்காட்டும் கணக்கு இது. மூவரும் பாவிகளல்லர், எழுபதின்மரும் பாவிகளல்லர்.

"எழுபது பேர் மறந்தவர்கள்தானே? கவனக் குறைவுதானே?" என்று மீசையை முறுக்கும் ஆடவர் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம். பத்து நாள் மருந்தைப் பத்து நாளும் போட்டு முடித்த ஆண்மகன் எத்தனை பேர்? மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைப் பரணிலே எறிந்தவர்தானே நீங்கள்! ஆண்டு முழுவதும், ஒரே வேளையில், நோயில்லாத உடம்புக்கு மருந்து உண்ணச் சொன்னால் எத்தனை நாள் தாங்குவீர்கள்? விடியுமுன் எழுந்து, மீன் ஏலத்துக்கு ஓடி, கூடை சுமந்து, திரும்பி உலை வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் ஒரு நாள் மறந்தால் மட்டும் அது மாபாதகமா?

மறதி ஒன்றே காரணமுமல்ல. மாத்திரை உண்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மருந்து உடம்பிலே சேராது. கடும் வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் நீடித்தாலும் அதே நிலை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிடோன் ஆகியவை கல்லீரலை முடுக்கிவிடுகின்றன. முடுக்கப்பட்ட கல்லீரல் கருத்தடை இயக்குநீரை வழக்கத்தினும் விரைவாகச் சிதைத்துத் தள்ளுகிறது. பெண் நாள் தவறாமல் விழுங்குகிறாள். கல்லீரல் நாள் தவறாமல் அழிக்கிறது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னும் சில வாரங்களுக்கு இந்த விளைவு நீடிக்கும். நம்மிடம் வந்த தாய்க்கு நேர்ந்தது இதுவே.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. காப்பர்-டி சாதனத்தை ரிஃபாம்பிசின் ஒன்றும் செய்யாது. அரசு நிலையங்களிலே மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியின் ஆற்றலும் குறைவதில்லை. ஆணுறை இருக்கவே இருக்கிறது. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒரு கை காசநோய் மருந்தை நீட்டியது. இன்னொரு கை கருத்தடை மாத்திரையை நீட்டியது. இரண்டு கைகளும் சந்திக்கவில்லை. அந்த நிமிடத்தைச் செலவிட யாருக்கும் மனமில்லை. அதற்கான தண்டனை மட்டும் அவள் வயிற்றிலே!

மறந்தவர் செய்ய வேண்டியதும் இரகசியமல்ல. ஒரு மாத்திரை மறந்தால், நினைவு வந்தவுடன் உண்டு, அடுத்ததை வழக்கமான வேளையில் உண்ணலாம். இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், நினைவு வந்தவுடன் ஒன்றை உண்டு, நாள்தோறும் தொடர்ந்து, ஏழு நாள் வரை ஆணுறையும் சேர்த்துக் கையாள வேண்டும். தவறியது மூன்றாம் வாரமானால், இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு உடனே புது அட்டையைத் தொடங்க வேண்டும். எல்லாவற்றினும் இடர் மிகுந்தது, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. உடம்பு முன்பே ஏழு நாள் மருந்தின்றி இருந்திருக்கிறது என்பதை மறவாதீர். அடுத்த அட்டை நலநிலையத்திலே 'நாளை வா' என்றால், அந்த ஒரு நாளையிலே ஒரு பெண்ணின் ஆண்டுகள் கைமாறிவிடலாம்.

இன்னொன்று. மாத்திரை உண்ணும்போதே கருவுற்றவர் பலருக்கு அது உடனே தெரிவதில்லை. மாத்திரைக் காலத்திலே விலக்கு குறைவாகவும் வரும்; சில மாதம் வராமலும் போகும்; இடையிடையே உதிரமும் கசியும். 'மருந்தின் விளைவு' என்று வாளாவிருப்பார்கள். ஐயம் வந்தால் சிறுநீர்ச் சோதனை செய்வதே வழி. ஆஷா பணியாளரிடம் அதற்கான பெட்டி இலவசமாகக் கிடைக்கும். கரு உறுதியானால் மாத்திரையை நிறுத்த வேண்டும். தெரியாமல் சில வாரம் உண்டுவிட்டோமே, பிள்ளை ஊனமாகப் பிறக்குமோ என்று நடுங்க வேண்டாம். அப்படி ஊனம் விளைவிப்பதாக மருத்துவ ஆய்வுகள் காட்டவில்லை. 'பெற்றுக் கொள்கிறேன்' என்று ஒரு பெண் முடிவு செய்தால், அச்சமின்றிப் பெறலாம். அதுவும் அவள் உரிமை. நாம் யார் வயிற்றையும் வற்புறுத்த வரவில்லை!

★

'மாத்திரையே மேனாட்டான் மோசடி. அதனால்தான் தவறுகிறது' என்று குதிப்போரும் உண்டு. மாத்திரையின் வரலாற்றிலே கறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1956-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலே ஏழைப் பெண்களிடம் அதைப் பெரிய அளவிலே சோதித்துப் பார்த்தார்கள். இன்றுள்ளதினும் பன்மடங்கு வீரியமான மருந்து. அது சோதனை என்றுகூட அவர்களுக்கு முறையாகச் சொல்லவில்லை. 1960-இல் அமெரிக்க அரசு கருத்தடைக்கென அதனை ஏற்றது. இந்தியாவும் கை கட்டி நிற்கவில்லை. இலக்னோ நகரின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் ஈஸ்ட்ரோஜன் கலவாத சென்ட்குரோமன் மாத்திரையைக் கண்டு, 1990-களில் 'சகேலி' என்று வெளிவரச் செய்தது. 'சாயா' என்ற பெயரிலே இன்று அரசே இலவசமாகக் கொடுக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. மருந்தின் கறை, பெண்ணிடம் உண்மையைச் சொல்லாததால் வந்த கறை. அன்று பியூர்ட்டோ ரிக்கோவிலே சொல்லவில்லை. இன்று நம்மூரிலே சொல்லவில்லை. பரிகாரம் மருந்தைப் பறிப்பதல்ல, உண்மையைச் சொல்வது.

தடுத்தவர்கள் யார் என்றும் பார்ப்போம். காரைக்கால் 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரான்சின் ஆட்சியில் இருந்த ஊர். 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று உலகுக்கு முழங்கிய அந்த நாடு, 1920 சூலை 31-இல் ஒரு சட்டம் இயற்றியது: கருத்தடையைப் பற்றிப் பரப்புரை செய்வதே குற்றம்! போரிலே மடிந்த வீரர்களுக்கு ஈடு வேண்டுமாம். பெண்ணின் வயிறு படைக்குப் பாசறையாம்! 1967 டிசம்பரிலே நூவிர்த் சட்டம் வரும் வரை அந்தத் தடை நீங்கவில்லை. அந்த நாடே 2024 மார்ச்சில், கருக்கலைப்பு உரிமையைத் தன் அரசியல் சட்டத்திலே பொறித்தது. அத்தனை தொலைவு கடக்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது, கடந்தார்கள்.

இங்கே? 1935 டிசம்பரிலே மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியாரைக் கண்டார். கருத்தடைச் சாதனங்களைக் காந்தியார் ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். அடக்கம்! யார் அடங்குவது? கள்ளுக் குடித்து வரும் கணவனிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை எந்த அறநூல் அவளுக்கு எழுதிக் கொடுத்தது? அதற்கு முன்பே ஈரோட்டிலிருந்து வேறொரு குரல் கேட்டது. மக்கள்தொகைக்காகக் கருத்தடை வேண்டுமென்றார் சிலர். வறுமை தீர வேண்டுமென்றார் சிலர். தாயின் உடல் நலத்துக்காக வேண்டுமென்றார் சிலர். பெரியாரோ 'குடி அரசு' ஏட்டிலே, பெண் விடுதலை பெறவும் தன் விருப்பப்படி வாழவுமே அது வேண்டும் என்று வாதாடினார். நாட்டுக்காக அல்ல, வீட்டுக்காக அல்ல, அவளுக்காக! இந்த வேறுபாடு சின்னதல்ல. நாட்டுக்காகக் கருத்தடை என்றால், அது தவறும்போது கணக்கிலே ஓர் எண் கூடியது, அவ்வளவே. அவளுக்காக என்றால், அது தவறும்போது அவளுடைய விடுதலை தவறுகிறது. அதை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு நம் எல்லோருடையதாகிறது.

★

மீட்கும் வழியைச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டது. அதுதான் வியப்பு, அதுதான் வெட்கம்!

1964-இல் இந்திய அரசு சாந்திலால் ஷா தலைமையிலே ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரையின் விளைவாக 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. அதிலே ஒரு விளக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையை அளவோடு நிறுத்தக் கையாண்ட முறை தவறியதால் கருவுற்றால், அந்த வேண்டாத கருவால் விளையும் மனவேதனையை, பெண்ணின் மனநலத்துக்கு நேர்ந்த கடுமையான ஊறு என்றே கொள்ளலாம். அந்தக் காரணத்தால் கருவை மருத்துவர் கலைக்கலாம். எண்ணிப் பாருங்கள்! ஊர் அவளைக் குற்றவாளி என்கிறது. சட்டம் அவளை ஊறுபட்டவள் என்கிறது. ஊர் 'எப்படி வந்தது?' என்கிறது, சட்டம் 'முறை தவறியது' என்ற அவள் சொல்லை ஏற்கிறது.

1971-இன் சட்டம் 'மணமான பெண், அவள் கணவன்' என்று எழுதியிருந்தது. 2021-இல் வந்த திருத்தம் அதை 'எந்தப் பெண்ணும் அவள் துணையும்' என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான கருக்கலைப்பிலே மணமானவள், மணமாகாதவள் என்ற பாகுபாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மருத்துவர் மேற்பார்வையிலே மாத்திரையாலேயே முடியும். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் ஒருத்தியின் சம்மதமே போதும். கணவன் கையெழுத்து வேண்டாம். மாமியார் கையெழுத்து வேண்டாம். ஊர்ப் பெரியவர் கைந்நாட்டும் வேண்டாம். அவள் பெயரை வெளியிடுவது குற்றம்.

ஆனால் நம்மிடம் வந்த தாய்க்கு ஒரு மருத்துவமனையிலே என்ன சொன்னார்கள் தெரியுமா? "புருஷனைக் கூட்டி வா, கையெழுத்துப் போடணும்." ஒருமுறையல்ல, மூன்றுமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் கழிந்தது. கலைப்பை எளிதாக்கும் வாரங்கள், 'கூட்டி வா' என்ற இரண்டு சொற்களிலே கரைந்தன. அலுவலர் தாமே ஒரு சட்டம் இயற்றி, மேசைக்கு முன்னாலேயே நிறைவேற்றிவிட்டார்! இப்படிக் கதவடைக்கப்பட்ட பெண்கள் எங்கே போவார்கள்? எருக்கங் குச்சியிடம் போனார்கள் நம் பாட்டிமார். இரத்தம் வடிந்து செத்தார்கள். இன்று கடையிலே இரகசியமாக மருந்து வாங்கித் தாமே விழுங்குகிறார்கள். அறத்தின் பெயரால் மூடப்படும் ஒவ்வொரு கதவும் இந்தப் பள்ளத்துக்குத்தான் வழிவிடுகிறது.

சட்டம் குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. அவள் உடம்பைப் பற்றிய கடைசிச் சொல் இன்னும் மருத்துவரின் கருத்திலேயே தொங்குகிறது. அதுவும் மாற வேண்டும். ஆனால் இருக்கிற உரிமையையே எழுத்தரின் மேசை விழுங்கும்போது, வராத உரிமைக்கு வாதாடி என்ன பயன்? முதலில் இருப்பதைப் பெறுவோம்.

'கதவைத் திறந்தால் பெண்சிசுவைத் தேடித் தேடி அழிப்பார்களே' என்று நல்லெண்ணத்தோடு அஞ்சுவோர் உண்டு. பாலினம் பார்த்துக் கலைப்பது குற்றம். அதைத் தடுக்க 1994-இலேயே தனிச் சட்டம் உண்டு. மகளை வெறுக்கும் மனத்தை அந்தச் சட்டத்தால் ஒறுப்போம். மருந்து தவறிய தாயை அதற்காக ஏன் தண்டிப்பது?

★

ஆடவரே, இனி உங்களோடு ஒரு சொல். இந்தியாவிலே மணமான பெண்களிடம் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். பெண் அறுவை செய்து கொண்டது 37.9 விழுக்காடு. மாத்திரை 5.1 விழுக்காடு. ஆண் அறுவை செய்து கொண்டது? 0.3 விழுக்காடு! பகுத்தறிவு பேசும் தமிழ்நாட்டிலே பாதிக்கு மேற்பட்ட மணமான பெண்கள் அறுவை மேசையிலே படுத்தெழுந்தவர்கள். ஆடவரைத் தேடினால் விரல்விட்டு எண்ணலாம். மாத்திரை அவளுக்கு, ஊசி அவளுக்கு, காப்பர்-டி அவளுக்கு, கத்தி அவளுக்கு, தவறினால் பழியும் அவளுக்கு. உங்களுக்கு என்ன? கணக்குக் கேட்கும் வாய் மட்டுமா?

ஆண் அறுவைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும். மரப்பு ஊசி போதும். அதன்பின் மூன்று மாதம் பொறுத்து ஒரு சோதனை. அது தவறுவது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டே. ஆண்மை போகாது; வேலை செய்யும் வலிமை குறையாது. குறைவது ஒன்றுதான்: மனைவியின் அச்சம். 1975-77 நெருக்கடிக் காலத்திலே ஏழை ஆடவரைப் பிடித்து இழுத்துப் போய் அறுத்தார்கள். அந்தக் கொடுமையின் வடு ஆறவில்லை என்பதை அறிவோம். வற்புறுத்தியதை எதிர்ப்போம், விரும்பி ஏற்பதை ஏன் மறுப்போம்? சாதி ஒழிப்பு மேடையிலே கை தட்டுவது எளிது. தன் வீட்டுக் கருத்தடையின் பாதிச் சுமையைத் தோளேற்றுகிறானா என்று பார்த்தால் தெரியும் சீர்திருத்தக்காரன் யார் என்று.

★

தோழர்களே! செய்ய வேண்டியது என்ன? மாநாடு வேண்டாம்; மலர் மாலை வேண்டாம். உங்கள் படிப்பகத்தின் கரும்பலகையிலே மூன்று வரி எழுதுங்கள். 'கருத்தடை தவறினால் இருபது வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும். காசநோய், வலிப்பு மருந்து உண்போர் மாத்திரையை மட்டும் நம்பாதீர், மருத்துவரைக் கேளுங்கள்.' நிரவியிலே எழுதுங்கள், கோட்டுச்சேரியிலே எழுதுங்கள், திருமலைராயன்பட்டினத்திலே, நெடுங்காட்டிலே எழுதுங்கள். தேர்தல் நேரத்திலே சுவரெல்லாம் சுண்ணாம்பு பூசும் கைகளுக்கு இது பெரிய வேலையல்ல. நலநிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்: காசநோய் மருந்து கொடுக்கும்போது, கருத்தடை முறை என்ன என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டால் ஏன்? 'கணவன் கையெழுத்து' என்று எவராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், கதவு திறக்கும்.

அந்தத் தாய்க்கும் திறந்தது. வேறொரு மருத்துவமனையிலே, தன் கையெழுத்திலே, பதின்மூன்றாம் வாரத்திலே அவர் விரும்பியது நடந்தது. இப்போது நலமாக இருக்கிறார். காசநோய் மருந்தையும் முழுதாக உண்டு முடித்தார்.

அன்று மாலை சட்டத்தின் அந்த விளக்கத்தை நாம் தமிழிலே சொல்லச் சொல்ல, அவர் மேசைமேல் கிடந்த காலி அட்டையையே பார்த்துக் கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்:

"இதை எப்ப எழுதினாங்க டீச்சர்?"

"ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, அக்கா."

"அம்பது வருஷமா! அப்ப எங்க அம்மாவுக்கும் இது இருந்திருக்கு. ஏன் எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல?"

நமக்கு விடை இல்லை. மேடையிருந்தது நம்மிடம், ஏடிருந்தது நம்மிடம், பட்டமும் படிப்பும் இருந்தன. சொல்லவில்லை. ஆனித் திங்கள் வருந்தோறும் மாங்கனியைத் தவறாமல் வீசுகிறது ஊர். ஐம்பது ஆண்டாக ஒரு செய்தியை வீசத் தவறினோம் நாம். கணக்குச் சொல்ல வேண்டியவர் அந்தத் தாயல்ல, நாம்!